வலைமணி வார்க்க எந்த அச்சு வாங்குவது?

"வலையப் பாக்காம அச்ச வாங்கித்து வந்திரிக்காய் மனே."

வலை அடிக்குப் போக விளிம்பில் கோக்கும் ஈய மணிகளை வார்க்க, முதன்முதலாக ஓர் அச்சை வாங்கிக்கொண்டு போய்க் காட்டியபோது மாமா சொன்னது இது. அச்சு பார்க்க அழகாகத்தான் இருந்தது. பளபளவென்ற அலுமினியக் கட்டி. ஒரு தடவை ஊற்றினால் ஆறு உருண்டை விழும், ஒவ்வொன்றும் 20 கிராம். என்னிடம் இருந்ததோ எட்டடி வீச்சு வலை ஒன்று. மாமா மணலில் குந்தி விரலால் கணக்குப் போடத் தொடங்கினார்.

எட்டடி வலை என்றால் நடுவிலிருந்து விளிம்புக்கு எட்டடி. முழுதாக விரிந்தால் சுற்றளவு 50 அடி, அதாவது 15 மீற்றரும் கொஞ்சமும். 8 சென்ரிமீற்றருக்கு ஒரு மணி கோத்தால் ஏறக்குறைய 190 மணி வேண்டும். ஒன்று 20 கிராம் என்றால் மொத்தம் 3,800 கிராம். நனைந்த வலையின் பாரம் போதாதென்று நாலு கிலோ ஈயத்தையும் சேர்த்து, இடுப்பளவு தண்ணீரில் நின்று காலை முழுக்க வீச வேண்டும். மூன்றாம் நாளே தோளில் எண்ணெய் தேய்த்துக்கொண்டு படுத்தேன். அந்த அச்சைப் பிறகு கல்முனைப் பக்கம் கடல் வலை வைத்திருக்கும் ஒருவருக்குப் பாதி விலைக்குக் கொடுத்தேன்.

அச்சு வாங்க நினைக்கும் எல்லோரும் முதலில் பார்ப்பது அச்சைத்தான். பார்க்க வேண்டியது வலையை. எந்த வலை, எந்தக் கயிறு, எவ்வளவு ஆழம், அடியில் சேறா மணலா கண்டல் வேரா என்பது தெரிந்தால் ஒரு மணி எத்தனை கிராம், என்ன வடிவம் என்பது தானாக வந்துவிடும். அதற்குப் பிறகுதான் அலுமினியமா இரும்பா, இரண்டு குழியா ஆறு குழியா என்ற பேச்சு. இந்த ஒழுங்கு மாறினால் என் கதைதான்.

பெயரைப் பற்றி ஒரு வார்த்தை. ஈயக்குண்டு, ஈயமணி, வலைமணி, வெறும் ஈயம் என்று ஆளுக்கொரு மாதிரிச் சொல்வார்கள். மாமா மறந்தும் 'குண்டு' என்று சொல்லமாட்டார். சண்டைக் காலத்தில் வீட்டில் குண்டு வார்க்கும் அச்சு இருக்கிறது என்று ஒருவர் வாய் திறந்து சொல்லிவிட முடியுமா? அதிலும் அவருடைய அச்சு குறடு மாதிரி இரண்டு கைப்பிடி வைத்த இரும்பு அச்சு. பழைய காலத் துப்பாக்கிக்காரர்கள் ஈய ரவை வார்த்ததும் இதே மாதிரியான குறட்டு அச்சில்தான். 1638இல் எங்கள் மட்டக்களப்பின் புளியந்தீவுக் கோட்டையைப் போர்த்துக்கேயரிடமிருந்து பிடித்த ஒல்லாந்தரின் துப்பாக்கிக்குள் போனதும் ஈய உருண்டைதான். இரண்டு பாதி, நடுவில் குழி, மேலே ஊற்றும் வாய்: அடிப்படை ஒன்றே. ஆகவே அவருக்கு அது எப்போதும் 'மணி அச்சு'. நானும் அப்படியே எழுதுகிறேன்.

சரி, எதற்கு ஈயம்? ஒரு கன சென்ரிமீற்றர் ஈயம் 11.34 கிராம் நிறை. அதே அளவு கல் இரண்டரை கிராமுக்குக் கொஞ்சம் மேலேதான் வரும். தண்ணீருக்குள் போனதும் ஒவ்வொரு பொருளும் தன் பருமன் அளவுத் தண்ணீரின் பாரத்தை இழக்கும். ஈயம் தன் பாரத்தில் பத்தில் ஒரு பங்கைக்கூட இழப்பதில்லை. கல்லோ மூன்றில் ஒரு பங்குக்கு மேல் இழந்துவிடும். சின்ன உடம்பு, பெரிய பாரம், விரைவாக அடிக்குப் போகும். அதோடு ஈயம் 327 பாகை செல்சியஸில் உருகிவிடும். சிரட்டைக் கரி அடுப்பே போதும்.

இனி நிறைக்கு வருவோம். அச்சு விற்பவர் 'எட்டு மில்லி', 'ஒன்பது மில்லி' என்று விட்டத்தில்தான் பேசுவார். நமக்கு வேண்டியது கிராம். நீள உருளை மணி ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள்: நீளம் 20 மில்லிமீற்றர், விட்டம் 8, நடுத்துளை 2. விட்டத்தின் வர்க்கம் 64. துளையின் வர்க்கம் 4. கழித்தால் 60. அதை 0.785ஆல் பெருக்கினால் 47. நீளம் 20ஆல் பெருக்கினால் 940 கன மில்லிமீற்றர், கிட்டத்தட்ட 0.94 கன சென்ரிமீற்றர். 11.34ஆல் பெருக்க, 10.7 கிராம். இப்போது விட்டத்தை மட்டும் 9 ஆக்கிப் பாருங்கள். 13.7 கிராம் வரும். ஒரு மில்லிமீற்றர் கூட்டியதற்கு மூன்று கிராம் ஏறிவிட்டது. 190 மணியில் அது அரைக் கிலோவுக்கு மேல். நீளத்தைக் கூட்டினால் நிறை மெதுவாக ஏறும், விட்டத்தைக் கூட்டினால் விரைவாக ஏறும். இதை மட்டும் மனதில் வைத்துக்கொண்டு கடைக்குப் போனால் போதும். என்னுடைய எட்டடி வலையில் இப்போது இருப்பது இந்த 10.7 கிராம் மணிதான். மொத்தம் இரண்டு கிலோ. ஆழம் குறைந்த ஆற்றில் இறாலுக்கு இது எனக்குச் சரி. (வாவி என்று எழுதுவோம், வாயில் வருவது ஆறுதான்.) ஆழமான இடத்திலோ, முகத்துவாரத்துப் பக்கம் நீரோட்டத்திலோ வீசுகிறவர்களுக்கு இது போதாது. வலை விரிந்தபடியே இழுபட்டுப் போகும், அடிக்கு வந்து சேருமுன் மீன் போய்விடும்.

வடிவத்தில்தான் ஆட்கள் ஏமாறுகிறார்கள். உருண்டை மணி வார்க்கச் சுகம், பார்க்க வடிவு. ஆனால் உருண்டைக்கு உருண்டை இடையில் கயிறு தொங்கும். அடியில் அந்த இடைவெளி ஒரு கதவு. இறால் அதைக் கண்டுபிடிக்க அதிக நேரம் எடுக்காது. நீள மணி என்றால் அதே நிறை கயிற்றோடு கயிறாகப் பரவிக் கிடக்கும், விளிம்பு சேற்றோடு ஒட்டிக்கொள்ளும். இரண்டு முனையும் ஒடுங்கி நடு மட்டும் கொஞ்சம் தடித்த, புளியங்கொட்டையை நீட்டிவிட்ட மாதிரி வடிவம் ஒன்று இருக்கிறது. கண்டல் ஓரங்களில் வீசுகிறவர்கள் அதைத்தான் எடுக்க வேண்டும். வேரிலும் மட்டிக் குவியலிலும் மாட்டாமல் வழுக்கி வந்துவிடும். முனை தட்டையாக வெட்டிய உருளை, வேரில் கொக்கி போட்ட மாதிரி நிற்கும். இழுத்தால் கிழிவது வலை. கரையில் நின்று தூண்டில் போடுகிறவர்களின் கணக்கு வேறு: கல்லடிக் கடற்கரை மணலில் ஈயம் ஓரிடத்தில் நிற்க வேண்டுமென்றால் நாலு பக்கக் கூம்பு நல்லது. உருண்டை அலையோடு உருண்டு திரும்பிக் கரைக்கே வரும்.

துளையைப் பற்றி யாரும் கேட்பதில்லை. வலைமணியின் உயிர் அதில்தான் இருக்கிறது. துளை வருவது அச்சின் நடுவே போகும் ஒரு கம்பியால். அதைச் சுற்றி ஈயம் நிரம்பும், ஆறியதும் கம்பியை உருவுவோம். சைக்கிள் ஸ்போக் கம்பி நேராக, வழவழப்பாக, 2 மில்லிமீற்றர் தடிப்பில் இருப்பதால் பலரும் அதையே வெட்டிப் போடுவார்கள். 2 மில்லிமீற்றர் துளைக்குள் 2 மில்லிமீற்றர் நைலோன் கயிறு போகாது. நனைந்து உப்பேறிய கயிறு சத்தியமாகப் போகாது. கயிற்றைவிட ஒரு மில்லிமீற்றராவது கூடிய கம்பி இருக்க வேண்டும். மெல்லிய கயிறு கோக்கிறவருக்கு ஸ்போக் போதும், மற்றவர்கள் 3 மில்லி உருக்குக் கம்பி கேளுங்கள்.

கம்பியை உருவுவதிலும் ஒரு நேரம் இருக்கிறது. ஈயம் ஆறும்போது சுருங்கும். சுருங்கினால் கம்பியை இறுக்கிப் பிடிக்கும். முழுதாக ஆறவிட்டு, தேநீர் குடித்துவிட்டு வந்து இழுத்தால் வராது. ஈயம் இறுகி, ஆனால் சூடு இறங்குமுன், குறட்டால் பிடித்து ஒரு திருப்புத் திருப்பி இழுக்க வேண்டும். அச்சு செய்விக்கும்போதே கம்பியின் ஒரு முனை மற்றதைவிட மயிரளவு ஒடுங்கியிருக்கச் சொல்லுங்கள். பாதி வேலை குறையும். கம்பி உருவிய இடத்தில் பிசிறு நிற்கும். அதை விரலால் தொட்டால் ஒன்றும் செய்யாது, ஆனால் கயிற்றை நாளுக்கு ஆயிரம் தடவை அறுக்கும். பெரிய ட்ரில் பிட் ஒன்றைத் துளையின் வாயில் வைத்துக் கையால் இரண்டு சுற்றுச் சுற்றினால் போய்விடும்.

இப்போது அச்சு எதனால் ஆனது என்ற கேள்வி. மரத்தில் செய்யலாம். பாலை, முதிரை போன்ற கட்டியான மரத்தைப் பிளந்து, இரண்டு பாதியிலும் குழி தோண்டி, பிணைச்சல் போட்டால் அச்சு தயார். சில டசின் மணிக்குப் பிறகு குழி கரியாகி அகன்றுகொண்டே போகும், மணியும் பெருத்துக்கொண்டே போகும். பரிஸ் சாந்தில் (பிளாஸ்டர் ஒப் பரிஸ்) வார்த்த அச்சு மலிவு. ஆனால் இறுகிய சாந்துக்குள் கண்ணுக்குத் தெரியாமல் தண்ணீர் இருக்கும். மணிக்கணக்கில் அடுப்பருகில் சுட்டு உலர்த்தாமல் ஈயம் ஊற்றினால் அது முகத்துக்கே திரும்பி வரும். ஈர மணலில் விரலால் குழி குத்தி ஊற்றுகிறவர்களையும் பார்த்திருக்கிறேன். அவர்களுக்குக் கண் இன்னும் இருப்பது கடவுள் புண்ணியம்.

எனக்குப் பிடித்தது கணவாய் ஓடு. கடற்கரையில் ஒதுங்கிக் கிடக்கும் வெள்ளை ஓடுதான். நகைத் தொழிலில் நெடுங்காலமாக அதை வார்ப்புக்குப் பயன்படுத்தி வருகிறார்கள். இரண்டு ஓட்டை ஒன்றோடொன்று தேய்த்துத் தட்டையாக்கி, மரத்தில் செதுக்கிய மாதிரி மணி ஒன்றை இடையில் வைத்து அமர்த்தினால், மென்மையான உட்பக்கம் அப்படியே வடிவத்தை வாங்கிக்கொள்ளும். வாய் ஒன்று வெட்டி, நன்றாகக் காயவைத்து, கம்பியால் கட்டி ஊற்றலாம். மயிர் கருகிய நாற்றம் அடிக்கும். ஒன்றிரண்டு வார்ப்போடு அச்சு முடிந்தது. இதில் யாரும் 190 மணி வார்க்கப் போவதில்லை. ஆனால் உலோக அச்சுக்குக் காசு கொடுக்குமுன், யோசித்து வைத்திருக்கும் வடிவத்தை நாலு மணி வார்த்து, வலையில் கோத்து, ஆற்றில் போட்டுப் பார்க்க இதைவிட மலிவான வழி இல்லை. நான் இப்போதெல்லாம் இதைச் செய்யாமல் லேத் பட்டறைப் பக்கம் போவதில்லை.

மிச்சம் இருப்பது உலோகம். தொடங்குகிறவருக்கு அலுமினியம்தான் என்பது என் முடிவு. பாரம் குறைவு, விரைவாகச் சூடேறும், ஈயம் அதில் ஒட்டாது, துருவும் பிடிக்காது. குறை என்னவென்றால் அது மென்மை. மணி விழவில்லை என்று சுத்தியலால் ஓர் அடி அடித்தால் விளிம்பு மழுங்கும். அப்புறம் எல்லா மணியிலும் செட்டை மாதிரி பிசிறு. தட்டுவதென்றால் மரக்கட்டையால், அதுவும் கைப்பிடியில்தான். இரும்பு அச்சு பேரப்பிள்ளை காலம் வரை வரும். ஆனால் ஆற்றங்கரைக் காற்றில் துருப்பிடிக்காமல் காப்பது தனி வேலை, கையும் உளையும். பித்தளை அச்சு கண்ணைப் பறிக்கும். ஈயத்தோடு வெள்ளீயம் கலந்திருந்தால் பற்றாசு மாதிரிக் குழிக்குள் ஒட்டிப் பிடித்துவிடும் என்பதால் நான் அதைச் சொல்லமாட்டேன்.

குழி எத்தனை? இரண்டு அல்லது நாலு. ஆறு, எட்டு என்று ஆசைப்பட்டால் கடைசிக் குழிக்குப் போகுமுன் கரண்டியில் ஈயம் இறுகிவிடும்.

கையில் எடுத்துப் பார்க்கும்போது இரண்டு பாதியையும் மூடி வெளிச்சத்துக்கு எதிரே பிடியுங்கள். நடுவில் கோடாக வெளிச்சம் தெரிந்தால் வைத்துவிடுங்கள், அந்த இடைவெளியால் ஈயம் வழியும். மூடிய பாதிகளைப் பக்கவாட்டில் அசைத்துப் பாருங்கள். அசையக் கூடாது. ஒரு பாதியில் முளையும் மற்றதில் துளையுமாகக் கௌவிக்கொள்ள வேண்டும். குழியிலிருந்து வெளிவிளிம்புக்கு மெல்லிய கீறல்கள் இருக்கிறதா என்று நகத்தால் தடவுங்கள். உள்ளே இருக்கும் காற்று அதனால்தான் வெளியேறும். அது இல்லாத அச்சில் மணியின் முனை எப்போதும் மொட்டையாக வரும். அரத்தின் ஓரத்தால் நீங்களே கீறிக்கொள்ளலாம், தலைமயிர் அளவுக்கு மேல் வேண்டாம். ஊற்றும் வாய் புனல் மாதிரி அகன்றிருந்தால் நல்லது. ஆறிச் சுருங்கும் மணி, வாயில் நிற்கும் ஈயத்தைத்தான் உறிஞ்சி நிரப்பிக்கொள்ளும். வாய் ஒடுங்கினால் மணிக்குள் பொந்து விழும்.

ஈயத்தைப் பற்றி ஒன்று சொல்லியே ஆக வேண்டும். பழைய வலையின் ஈயம், பழைய கேபிள் உறை, தகடு எல்லாம் மென்மையான ஈயம். நகத்தால் கீறினால் கோடு விழும், தாளில் தேய்த்தால் பென்சில் மாதிரி எழுதும். வலைமணிக்கு அதுவே உத்தமம். டயர் கடைகளில் கிடைக்கும், சில்லைச் சமன்செய்யப் பொருத்தும் பாரங்களில் பழையவை ஈயம், புதியவற்றில் பல இரும்பும் நாகமும் (துத்தநாகம்). நான் ஒரு முறை பழைய இரும்புக் கடையில் வாங்கி வந்த சாக்கை அப்படியே சட்டியில் கொட்டி, சிரட்டையை அள்ளி அள்ளிப் போட்டேன். நாகம் உருக 420 பாகை வேண்டும். அதற்குக் கீழே வைத்திருந்தால் அது ஈயத்தின் மேல் உருகாமல் மிதந்திருக்கும், கரண்டியால் வழித்து எறிந்திருக்கலாம். நானோ அடுப்பை எரித்த எரிப்பில் எல்லாம் ஒன்றாகி, சட்டி நிறையக் குரக்கன் களி. ஐந்து கிலோ. ஒரு மணியும் ஒழுங்காக வரவில்லை. இப்போது சூடு பார்க்க உலர்ந்த பத்திரிகைத் துண்டு ஒன்றை மேலே வைக்கிறேன். மெதுவாகப் பழுப்பாகினால் சரி, பக்கென்று பற்றினால் சிரட்டையை இழுத்துவிட வேண்டும். வாகன பற்றரியை உடைத்து ஈயம் எடுப்பதை மட்டும் நினைக்கவே வேண்டாம். அமிலம் ஒரு பக்கம், அதன் தகட்டை உருக்கும்போது வரும் நச்சு வாயு மறுபக்கம்.

சட்டி இரும்பாக இருக்கட்டும். பால்மாப் பேணியில் உருக்கினால் தூக்கும்போது நெளியும். சமையலுக்கு எடுக்கும் எதுவும் ஈயத்துக்கு வேண்டாம், ஈயத்துக்கு எடுத்த எதுவும் சமையலுக்குத் திரும்பக் கூடாது. உருகிய ஈயத்தில் ஒரு துளித் தண்ணீர் விழுந்தால் அது நொடியில் 1,700 மடங்கு ஆவியாகப் பெருத்து, சட்டியில் இருப்பதை எல்லாம் வெளியே எறியும். வியர்வைத் துளியும் தண்ணீர்தான். மாரி மாதங்களில் அச்சே ஈரம் குடித்திருக்கும், கரண்டியும்தான். கச்சான் காற்று வீசும் உலர்ந்த மாதங்களில், திறந்த வெளியில், காற்றை முதுகில் வாங்கிக்கொண்டு வார்ப்பது எங்கள் வழக்கம். சாரனை மடித்துக் கட்டிக்கொண்டு வெறுங்காலோடு குந்தியிருந்து ஊற்றுவதும் எங்கள் வழக்கம்தான், அந்த வழக்கத்தை மட்டும் விட்டுவிடுங்கள். மூடிய சப்பாத்து, நீளக் காற்சட்டை, கண்ணாடி. மேலே திரளும் சாம்பல் போன்ற கசடுதான் புகையைவிட ஆபத்து. தூசாகிக் கையில் ஒட்டி வாய்க்குப் போகும். பிள்ளைகளுக்கு இவ்வளவு ஈயம் பரவாயில்லை என்று சொல்லக்கூடிய அளவே கிடையாது என்கிறது உலக சுகாதார நிறுவனம். ஆகவே அவர்கள் அந்தப் பக்கமே வரக் கூடாது. கையைச் சவர்க்காரம் போட்டுக் கழுவாமல் வெற்றிலை போடவும் கூடாது. மாமாவுக்கு இந்தக் கடைசி விதி பிடிக்காது.

முதல் நாள்: புது அச்சில் எண்ணெய்ப் பசை இருக்கும். சவர்க்காரத்தால் கழுவி, முழுதாக உலர்த்தி, குப்பி விளக்கின் புகையில் குழிகளைக் காட்டுங்கள். மெல்லிய கரி படிந்தால் மணி தானாக விழும். முதல் பத்து மணி சுருக்கு விழுந்த பாவற்காய் மாதிரி வரும். பயப்பட வேண்டாம், அச்சு இன்னும் குளிர். சட்டிக்குள்ளேயே திரும்பப் போட்டுவிட்டுத் தொடருங்கள். மறுகா பளபளவென்று வரத் தொடங்கும். வெள்ளைப் பனி படர்ந்த மாதிரி மங்கலாக வந்தால் அச்சுக்குச் சூடு கூடிவிட்டது, கொஞ்சம் ஆறவிடுங்கள். பத்து மணியை எடுத்துத் தராசில் ஒவ்வொன்றாக நிறுங்கள். 10.7 வர வேண்டிய இடத்தில் ஒன்று 9.8 காட்டினால் உள்ளே பொந்து இருக்கிறது, அதுவும் சட்டிக்குத்தான்.

ஐம்பது மணிக்குக் குறைவாகத்தான் தேவை என்றால் அச்சே வேண்டாம். ஈயத் தகட்டைக் கீற்றாக வெட்டிக் கயிற்றில் சுற்றிக் குறட்டால் நசுக்கிவிடுங்கள். அறுந்து தண்ணீரில் போகும் மணி எவ்வளவு குறைகிறதோ அவ்வளவு நல்லது. அன்னங்கள் விழுங்கிச் செத்ததால் பிரித்தானியாவில் 28 கிராம் வரையான தூண்டில் ஈயங்களை விற்பதற்கு 1987இலேயே தடை போட்டார்கள். எங்கள் ஆற்றிலும் கொக்கும் தாராவும் மேய்கின்றன. அதனால் முடிச்சை இரட்டையாகப் போடுகிறேன்.

வேலை முடிந்ததும் கடைசியாக வார்த்த மணிகளை இரும்பு அச்சுக்குள்ளேயே விட்டு மூடி வைப்பது மாமாவின் பழக்கம். குழிக்குள் காற்றும் ஈரமும் போகாது, துருப்பிடிக்காது. போன கச்சானில் வார்த்த இரண்டு மணி இப்போதும் அதற்குள் கிடக்கின்றன. அடுத்த தடவை அடுப்பு மூட்டும்போது சட்டிக்குள் முதலில் போவது அவைதான்.